கிண்டர்டைக் காற்றாலை டூர்: 316 யூரோ வாங்கிக்கொண்டு இலவசப் பாதையில் இறக்கிவிட்டார்கள்

தலைக்கு 79 யூரோ. நான்கு பேருக்கு 316 யூரோ. நம் பணத்தில் கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய். இதற்குக் கிடைத்தது நெதர்லாந்தின் ரோட்டர்டாமிலிருந்து, பழைய காற்றாலைகளுக்குப் பேர்போன கிண்டர்டைக்குக்கு ஒரு பெரிய பேருந்தில் பயணம், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நடக்கக்கூடிய ஒரு பாதையில் ஐம்பது நிமிடம், பிறகு ஒரு சீஸ் கடையில் அதைவிட அதிக நேரம். ஒரு காற்றாலைக்குள்ளும் கால் வைக்க முடியவில்லை.

நெதர்லாந்து போக டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் டூர் பதிவு செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் தளத்தின் பெயரைப் போடவில்லை. வெளிநாட்டு ஒருநாள் டூர்களை விற்கும் இணையத்தளம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். சொந்தமாக ஒரு வண்டிகூடக் கிடையாது. பணத்தை இவர்கள் வாங்கிக்கொண்டு ஆளை அங்குள்ள ஒரு பேருந்துக்காரரிடம் கைமாற்றிவிடுவார்கள். வாட்ஸப்பில் தமிழிலேயே பேச ஆள் வைத்திருக்கிறார்கள்.

தளத்தின் டூர் பக்கத்தில் போட்டிருந்தது இது: எட்டுப் பேருக்கு மிகாத சிறு குழு, கிண்டர்டைக்கில் மூன்று மணி நேரம், அருங்காட்சியகக் காற்றாலை நுழைவு, கால்வாய்ப் படகு, திரும்பும் வழியில் டெல்ஃப்ட் நகரம். பணம் கட்டும் முன் வாட்ஸப்பில் தெளிவாகவே கேட்டாயிற்று: காற்றாலைக்கு உள்ளே போகும் டிக்கெட்டும் படகும் 79 யூரோவுக்குள் அடக்கமா, அங்கே போய்த் தனியாக வாங்க வேண்டுமா? அடுத்த நிமிடமே ஒரு குரல் பதிவு வந்தது. "அண்ணா, எல்லாமே இன்க்ளூடட்ணா. நீங்க பர்ஸையே எடுக்க வேணாம். அம்மாவுக்கு முட்டி வலின்னா சொல்லுங்க, கைடுகிட்ட சொல்லி மெதுவா கூட்டிட்டுப் போகச் சொல்றேன்." வயதானவருக்கு முட்டி வலி இருக்கிறதா என்று தானாகவே கேட்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? ஆம்ஸ்டர்டாமில் எத்தனையோ டூர்க்காரர்கள் இருக்கும்போது இவர்களிடம் பணம் போனதற்கு அந்தக் குரல்தான் காரணம். இவர்கள் விற்பது டூரை அல்ல, அந்த "அண்ணா"வைத்தான். லிங்க் வந்தது, 316 யூரோ போனது.

முந்தின நாள் இரவு ஒரு மின்னஞ்சல்: "செயல்பாட்டுக் காரணங்களால் வாகனம் மாற்றப்பட்டுள்ளது." எட்டுப் பேர் குழு ஐம்பது பேர் பேருந்தாகிவிட்டது. காலையில் ஏறும்போது ஒவ்வொருவருடைய க்யூஆர் குறியையும் ஸ்கேன் செய்தார்கள். அந்த ஸ்கேன் எதற்கு என்பது பிறகுதான் புரிந்தது, கீழே சொல்கிறேன். கிண்டர்டைக்கில் இறங்கியதும் வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொன்னது: "பாதை உங்களுக்காகத் திறந்திருக்கிறது, ஐம்பது நிமிடத்தில் பேருந்துக்குத் திரும்புங்கள்." அருங்காட்சியகக் காற்றாலையின் வாசலில் டிக்கெட் கேட்டார்கள். கையிலிருந்த வவுச்சரைக் காட்டினால், இது இங்கே செல்லாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். வவுச்சரில் இருந்த வாசகம் "காற்றாலைப் பகுதிக்கு அனுமதி". அந்தப் பகுதிக்கு அனுமதியே தேவையில்லை!

இந்த இடத்தில்தான் மோசடியின் மையம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் இருக்கின்றன. 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். ஒரு கரையில் நேடர்வார்ட் என்ற வரிசையின் எட்டும் 1738-ல் செங்கல்லில் கட்டிய உருண்டைக் கோபுரங்கள். எதிர்க்கரையில் ஓவர்வார்ட் வரிசையின் எட்டும் 1740-ல் எழுந்தவை, எண்கோண வடிவம், நாணல் வேய்ந்தவை. மீதி மூன்றில் ப்ளோக்வேர் என்பது அடிப்பகுதி அசையாமல் நிற்க, மேல் உடல் காற்றுக்கேற்பத் திரும்பும் பழைய வகை. மாவு அரைக்க ஒன்றுகூடக் கிடையாது. தாழ்ந்த நிலத்தில் தேங்கும் தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் அள்ளி மேல்மட்டக் கால்வாயில் ஏற்றி, அங்கிருந்து மதகு வழியாக லெக் ஆற்றில் விட்டன. அந்த வேலையை இன்று பம்பு நிலையங்கள் பார்க்கின்றன. வாசல் பக்கத்திலேயே பிரம்மாண்டமான திருகுகள் தண்ணீரை மேலேற்றுவதைப் பார்க்கலாம்.

கால்வாய்களுக்கு நடுவே போகும் பாதை பொதுவழி. நடக்கலாம், சைக்கிளில் போகலாம், படம் எடுக்கலாம், யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். டிக்கெட் வேண்டியது நேடர்வார்ட் வரிசையில் ஒன்று, ப்ளோக்வேர் என இரண்டு அருங்காட்சியகக் காற்றாலைகளுக்குள் போக, விஸ்போம் என்ற பழைய பம்பு நிலையத்துக்குள் போக, கால்வாய்ப் படகில் ஏற. இவை எல்லாம் சேர்ந்த டிக்கெட் பெரியவர்களுக்கு இருபது யூரோவை ஒட்டி வரும். அங்கேயே வாங்கலாம், முன்கூட்டி அதிகாரப்பூர்வத் தளத்திலும் வாங்கலாம். மற்றக் காற்றாலைகள் பெரும்பாலும் குடும்பங்கள் வசிக்கும் வீடுகள். தோட்டத்தில் துணி காயும், வாசலில் சைக்கிள் நிற்கும். அவற்றுக்குள் எந்தக் காசுக்கும் யாரும் உங்களைக் கூட்டிப்போக முடியாது. "19 காற்றாலைகளுக்கும் அனுமதி" என்று எந்தப் பக்கமாவது விற்றால் அதை அப்போதே மூடிவிடுங்கள்.

ஆகவே கணக்கு எளிது. அந்த இருபது யூரோ டிக்கெட்டை வாங்காமல் விட்டதுதான் இவர்களின் லாபம். ஐம்பது பேர் பேருந்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

ஐம்பது நிமிடம் ஏன் எதற்கும் போதாது? பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு நடப்பதிலேயே கொஞ்சம் போய்விடும். ப்ளோக்வேர் பாதையின் கோடிப் பக்கம், நிதானமாக நடந்தால் போகவே அரை மணி நேரம் வேண்டும், அதனால்தான் படகு. உள்ளே படிகள் ஏணி மாதிரி செங்குத்தானவை, அறைகள் குறுகல், ஒரே நேரத்தில் சிலர்தான் ஏறி இறங்க முடியும். முட்டி வலிக்காரர்கள் மேல் தளங்களுக்கு ஏற முடியாது, கீழ்த்தளத்தையும் சுழல்கிற இறக்கைகளையும் பார்த்துக்கொள்ளலாம். இதை அந்த "அண்ணா" குரல் சொல்லியிருக்க வேண்டும். நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும், டூர் பக்கத்தில் அவர்கள் போட்டிருந்ததும் அதைத்தான்.

இன்னொன்று. "சுழலும் காற்றாலைகளைக் காணுங்கள்" என்று உறுதி தருவது எந்த டூரும் செய்யக்கூடாத காரியம். காற்று இருந்தாலும், ஆலைக்காரர் வந்து பின்கம்பத்தின் சக்கரத்தைச் சுற்றித் தலைப்பகுதியைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும், ஒவ்வோர் இறக்கைச் சட்டத்திலும் ஏறிப் பாய்த்துணியை விரிக்க வேண்டும், பிறகுதான் பிரேக்கைத் தளர்த்துவார். இறக்கை நுனி தரையைத் தொடுவது போல இறங்கி வரும் வகை இவை. அதனால்தான் வேலிக்கு உள்ளே போகக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறார்கள். படத்துக்காகக் குழந்தையை வேலி தாண்டி நிறுத்தாதீர்கள்.

பேருந்து அங்கிருந்து கிளம்பிப் போய் நின்ற இடம் டெல்ஃப்ட் அல்ல. சீஸும் மரச்செருப்பும் விற்கும் ஒரு கடை. டெல்ஃப்ட் எங்கே என்று கேட்டால் போக்குவரத்து நெரிசல் என்றார்கள். கடையில் அத்தனை நேரம் நிற்க நெரிசல் இடம் கொடுத்தது.

பிறகு தொடங்கியது தட்டிக்கழிப்பு. முதல் பதில் அன்று மாலையே வந்தது, "அண்ணா, நான் செக் பண்ணிச் சொல்றேன்". மறுநாள் அதே எண்ணிலிருந்து "சார், ஆபரேட்டர்கிட்டப் பேசிட்டிருக்கோம்". பேருந்துக்காரரை நேரே கேட்டால், "எங்களுக்கு வந்த பதிவில் போக்குவரத்து மட்டும்தான், டிக்கெட்டுக்குப் பணமே வரவில்லை" என்று எழுதினார்கள். அதைத் தளத்துக்கு அனுப்பினால் பதில் "டியர் கஸ்டமர்" என்று ஆரம்பித்தது. க்யூஆர் ஸ்கேன் ஆகியிருப்பதால் சேவை முழுமையாகப் பெறப்பட்டதாகக் கருதப்படுமாம், 316 யூரோவைத் திருப்பித் தர இயலாதாம், நல்லெண்ண அடிப்படையில் அடுத்த டூருக்குப் பத்து சதவீதக் கூப்பன் தருவார்களாம். அந்த ஸ்கேன் இதற்குத்தான். வங்கியில் புகார் போட்டபோதும் அதே ஸ்கேன் பதிவைத்தான் ஆதாரமாகக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் தளத்தில் அந்த டூரின் விவரணையையே மாற்றிவிட்டார்கள். "அருங்காட்சியகக் காற்றாலை நுழைவு" இருந்த வரியில் இப்போது "காற்றாலைப் பகுதி உலா" இருக்கிறது. குரல் பதிவை அனுப்பிக் கேட்டதற்கு, "முகவரின் வாய்மொழி உறுதி ஒப்பந்தத்தின் பகுதியல்ல". அதற்குப் பிறகு அந்த எண்ணில் நீலக்குறி மட்டும் விழுகிறது.

ஐரோப்பியச் சட்டம் காப்பாற்றும் என்று நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். அவ்வளவு எளிதல்ல. பயணத் தொகுப்புகளுக்கான 2015-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய விதி, இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைவான டூர்களுக்குப் பொருந்தாது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும், தேதி குறித்துப் பதிவு செய்யும் பொழுதுபோக்குச் சேவைகளுக்குக் கிடையாது. ஒருநாள் டூர் விற்பவர்களுக்கு இந்த இரண்டு ஓட்டையும் நன்றாகத் தெரியும். மிஞ்சுவது ஒன்றுதான்: சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்று நிரூபித்து அட்டை நிறுவனம் வழியாகப் பணத்தைத் திரும்பக் கோருவது. 316 யூரோ இப்போது தொங்குவது அந்த ஒரே நூலில்.

உண்மையில் இந்த இடத்துக்கு டூரே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ரோட்டர்டாமில் எராஸ்மஸ் பாலத்தடியில் வாட்டர்பஸ் படகுத்துறை இருக்கிறது. கோடைப் பருவத்தில் கிண்டர்டைக்குக்கு நேரடிப் படகு உண்டு. மற்ற நாட்களில் டோர்ட்ரெக்ட் பக்கம் போகும் படகில் ஏறி வழியில் சிறு படகுக்கு மாற வேண்டும். கட்டணம் சில யூரோதான், வங்கி அட்டையைத் தொட்டாலே போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும், ஒருவருக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை நான்கு பேருக்கு மாற்றி மாற்றித் தொட்டால் முதல் ஆள் இறங்கிவிட்டதாகக் கணக்காகும். ரயிலிலும் பேருந்திலும் இதே முறைதான். இறங்கும்போது தொட மறந்தால் பயணக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை பிடித்துக்கொள்வார்கள். படகுக்கும் நுழைவு டிக்கெட்டுக்கும் சேர்த்து நான்கு பேருக்கு ஆகியிருக்கக்கூடியது 316-ல் பாதியைக்கூடத் தொடாது.

ஆம்ஸ்டர்டாமில் தங்குபவர்களுக்கு ஸான்ஸ ஸ்கன்ஸ் என்ற காற்றாலை ஊர்தான் கிட்டே. சென்ட்ரல் நிலையத்திலிருந்து எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலில் இருபது நிமிடத்துக்குள் ஸான்டைக் ஸான்ஸ ஸ்கன்ஸ் நிலையம், அங்கிருந்து பாலத்தைக் கடந்து கால் மணி நேர நடை. அங்குள்ளவை தொழில் ஆலைகள்: டி காட் சாயப்பொடி அரைக்கிறது, டி சூகர் எண்ணெய் ஆட்டுகிறது, ஹெட் யோங்க ஸ்காப் மரம் அறுக்கிறது. ஊருக்குள் நுழையவே 17.50 யூரோ வசூலிக்கப்போவதாக 2025-ல் நகராட்சி அறிவித்தது. அதனால் இன்றைய நிலவரத்தை அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இடைத்தரகர் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். கிண்டர்டைக், ஸான்ஸ ஸ்கன்ஸ், கூகன்ஹாஃப் தோட்டம் மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாக விற்பவரிடமும் ஏமாறாதீர்கள். ஒன்று ரோட்டர்டாம் பக்கம், ஒன்று ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, ஒன்று லிஸ்ஸ ஊரில். அந்தத் தோட்டமும் மார்ச் பிற்பகுதி முதல் மே நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும்.

டூரில்தான் போவேன் என்பவர்களுக்கு அவசரமாக நான்கு வார்த்தை. "நுழைவு" என்ற சொல்லை நம்பாதீர்கள், எந்தக் கட்டடத்தின் நுழைவு என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டும் முன் டூர் பக்கத்தை முழுதாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். வண்டி மாறியதாக முந்தின இரவு அஞ்சல் வந்தால் ஏறுவதற்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள், ஸ்கேன் ஆன பிறகு சொன்னால் எடுபடாது. கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பாதீர்கள். 316 யூரோவில் ஏதாவது திரும்பி வந்தால் கீழே சேர்க்கிறேன்.