‘எல்லா வசதியும் உண்டு’ என்ற சொல்லை நம்பிக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகாதீர்கள்

நடக்க இயலாத, அல்லது நெடுநேரம் நிற்க இயலாத உறவினரை அழைத்துக்கொண்டு விடுமுறையில் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற மே மாதம் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பூங்காவில் எங்களுக்கு நேர்ந்ததைத்தான் எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பூங்காவின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது ஓர் இடத்தை அடையாளம் காட்டுவதற்காகவும் அன்று. எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்பதற்காகவே.

என் அத்தைக்கு வயது 58. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் வலது கால் சூம்பிப்போனது. காலைத் தாங்கும் உலோகச் சட்டமான கேலிப்பர் அணிந்து, கட்டை ஊன்றி, வீட்டுக்குள்ளும் தெருமுனை வரையிலும் நடப்பார். அதற்கு மேல் என்றால் சக்கர நாற்காலி வேண்டும். ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறையில் மோட்டார் பொருத்திய இயந்திரத்தை இடது காலால் இயக்கி, பட்டுப்புடவைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். என் பிள்ளைகள் இருவரையும் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர் அவர்தான் என்பதால், ‘அத்தைப்பாட்டி வந்தால்தான் வருவோம்’ என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அவர்கள் ராட்டினத்தில் சுற்றுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அத்தைக்கும் இருந்தது. முடிந்தால் ஒரு முறை தானும் ஏற வேண்டும் என்ற ஆசையும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போவதற்குப் பத்து நாள் முன்பே பூங்காவின் எண்ணுக்கு அழைத்து, அத்தையின் நிலையை மறைக்காமல் சொன்னேன். பேசிய இளைஞர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சக்கர நாற்காலி இலவசம் என்றார். எல்லா இடங்களிலும் சாய்தளம் உண்டு என்றார். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் கழிப்பறை உண்டு என்றார். பத்துக்கும் மேற்பட்ட ராட்டினங்களில் அத்தை ஏறலாம் என்றார். வரிசையில் நிற்க முடியாதே என்று நான் கவலைப்பட்டபோது, விரைவு நுழைவுச் சீட்டு எடுத்தால் காத்திருக்கவே வேண்டாம் என்று சொல்லி, ஆளுக்கு 1,400 ரூபாயாக இருந்த சீட்டை 2,300 ரூபாய்க்கு உயர்த்திவிட்டார். ஐந்து பேருக்கு 11,500 ரூபாயை அன்றே இணையத்தில் கட்டினேன். மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு என்பதையும், அது நேரில் கவுண்டரில் வாங்கினால் மட்டுமே கிடைக்கும் என்பதையும் அவர் சொல்லவில்லை. அதை வாசலில் இருந்த பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வாசலில் ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. நாற்காலிக்கு வாடகை 300 ரூபாய், டெபாசிட் 2,000 ரூபாய். இருந்தவை இரண்டே நாற்காலிகள். ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியதில் வலப்பக்கத்துக் காலடிப் பலகை இல்லை. இடப்பக்கத்து பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் உருண்டது. இதைக் காட்டியபோது, “மெதுவாத் தள்ளிக்கிட்டுப் போங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார் ஊழியர். எடுக்கும்போதே நாற்காலியைப் படம் பிடித்து வைக்கச் சொன்னவர் அத்தை. அந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்காது.

அத்தையின் கைப்பையில் தையல்காரர்களின் டேப் எப்போதும் இருக்கும். அன்றும் இருந்தது. இந்த வழக்கில் எங்களுக்கு இருக்கும் வலுவான சான்று அந்த டேப்பால் வந்ததுதான்.

முதல் ராட்டினத்தின் மேடைக்கு மூன்று படிகள். அதன் பக்கத்தில் சிமெண்டுச் சாய்தளம். தள்ளத் தொடங்கியதுமே அது செங்குத்து என்று என் தோளுக்குத் தெரிந்துவிட்டது. நானும் என் மனைவியும் சேர்ந்து மேலேற்றினோம். அந்த ராட்டினத்தில் அத்தையை ஏற்ற மறுத்துவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். இறங்கும்போது, பின்புறமாகத்தான் இறக்க வேண்டும் என்ற விவரம் அறியாமல் நான் நேராக இறக்க, பிரேக் பிடிக்காத நாற்காலி என் கையை மீறி ஓடியது. பலகை இல்லாததால் தொங்கிக்கொண்டிருந்த வலது கால் தரையில் உரசி, நாற்காலிக்கு அடியில் மடங்கியது. கால் சூம்பியிருந்தாலும் அதில் உணர்ச்சி முழுவதும் உண்டு. இளம்பிள்ளைவாதம் தசையை இயக்கும் நரம்புகளைத்தான் தாக்குகிறது, வலியை உணரும் நரம்புகளை அன்று. கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்துவிட்டது. முதலுதவி அறையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்கள். பதிவேட்டில் எழுதுங்கள் என்று இரண்டு முறை கேட்ட பிறகே எழுதினார்கள்.

திரும்பி அந்தச் சாய்தளத்துக்கே போக வேண்டும் என்றார் அத்தை. என் பெண்ணை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ஆக உயரம் பதினெட்டு அங்குலம். தரையில் சாய்தளத்தின் நீளம் ஏழரை அடி. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளின்படி சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் இருக்க வேண்டும். நம் ஊர்க் கொத்தனார் மொழியில் சொன்னால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். பதினெட்டு அங்குலத்துக்குப் பதினெட்டு அடி. எங்கள் வீட்டு வாசலில் கட்டியபோது அத்தை இந்தக் கணக்கைச் சொல்லித்தான் கட்டவைத்தார். பூங்காவில் இருந்தது ஒன்றுக்கு ஐந்து. சக்கர நாற்காலியை வழுக்கிவிடுவதற்கென்றே கட்டியதுபோல் இருந்தது.

ராட்டினங்களுக்கு வருகிறேன். கேலிப்பரைக் காரணம் காட்டி ஏழு இடங்களில் மறுத்தார்கள். பாதுகாப்புக்காக மறுப்பதை நான் குறை சொல்லவில்லை. வேகமாகச் சுழலும் இருக்கையில் இரு கால்களையும் ஊன்றி உடலை நிலைநிறுத்த முடியாதவர் சரிந்துவிடலாம். உலோகக் கேலிப்பருடன் நீர்ச்சறுக்கில் இறங்கினால் அவருக்கும் ஆபத்து, கீழே இருப்பவருக்கும் ஆபத்து. பாதியில் மின்சாரம் நின்றால் ஏணிவழியாக இறங்க வேண்டியிருக்கும். இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் நான் தொலைபேசியில் கேட்ட அன்றும் அங்கேதான் இருந்தன. ‘பத்துக்கும் மேல் ஏறலாம்’ என்று சொன்னவருக்கு அவை தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் சொன்னார் என்றாலும் தவறு, தெரிந்தே விற்றார் என்றால் ஏமாற்று. கூடுதலாக 900 ரூபாய் கொடுத்து வாங்கிய விரைவு நுழைவுக்கான வழியோ, பெரும்பாலான இடங்களில் இரும்புப் படிக்கட்டு ஏறி, வரிசைக்கு மேலாகச் செல்லும் பாலமாக இருந்தது. நடக்க முடியாதவருக்கு விற்ற சலுகையில் படிக்கட்டு வைத்தவர்களை என்ன சொல்வது?

கடைசியில் அத்தை ஏறியது, சிறு குழந்தைகளுக்காக ஓடும் ரயிலில் மட்டும். அதிலும் ஓட்டுநர் தாமாக இறங்கி வந்து, இரண்டு சுற்று மெதுவாக ஓட்டிக் காட்டினார். அன்று அந்தப் பூங்காவில் எங்களை மனிதர்களாக நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. சக்கர நாற்காலிப் படம் வரைந்த கதவு பூட்டியிருந்தது. சாவி மேற்பார்வையாளரிடம் இருப்பதாகச் சொல்லி, அவரைத் தேடிப் பிடித்துத் திறக்க இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. திறந்தால், உள்ளே ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள் நான்கு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் வாளிகள், துடைப்பங்கள், உடைந்த ஒரு பொம்மைக் குதிரை. கைப்பிடிக் கம்பியில் ஊழியர்களின் ஈரச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை அகற்றினாலும் பயனில்லை: கதவின் அகலம் இருபத்து நான்கு அங்குலம், அவர்கள் வாடகைக்குக் கொடுத்த நாற்காலியின் அகலமோ இருபத்தைந்தரை. அதாவது அவர்களுடைய நாற்காலி அவர்களுடைய கழிப்பறைக்குள் நுழையாது. அதே நெறிகளின்படி கதவுத் திறப்பு 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட முப்பத்தைந்தரை அங்குலம், இருக்க வேண்டும். அத்தையை என் மனைவியும் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துச் சென்றார்கள். அதன் பிறகு மாலைவரை அத்தை தண்ணீர் குடிக்கவில்லை. மே மாத வெயிலில்.

புறப்படும்போது டெபாசிட்டில் 800 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். காரணம், காலடிப் பலகை காணவில்லையாம். காலையில் 10:12 மணிக்கு எடுத்த படத்தைக் காட்டினேன். ஊழியர் அதைப் பார்த்துவிட்டு, மேலாளரிடம் பேசுங்கள் என்றார். மேலாளர் சீட்டின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். எந்தச் சூழலிலும் பணம் திருப்பித் தரப்படாது என்றும், எலும்பு, நரம்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் வர வேண்டும் என்றும் கடுகளவு எழுத்தில் அச்சடித்திருந்தது. “இவங்களை மாதிரி ஆளுங்களை வெயில்ல ஏன் சார் அலைக்கழிக்கிறீங்க, வீட்டிலேயே விட்டுட்டு வந்திருக்கலாமே” என்று, அத்தை எதிரிலேயே உட்கார்ந்திருக்க, என்னிடம் சொன்னார். அத்தை குரலை உயர்த்தவில்லை. “டிக்கெட் காசு வாங்கும்போது என்னை ஆளாத்தானே எண்ணினீங்க?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை ஊர் திரும்புவதற்கு முன் மெரினாவுக்குச் சென்றோம். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலில் போடப்பட்ட, 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை அங்கே இருக்கிறது. திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்ட பாதை அது. அத்தை கடலை நோக்கி அதன் முனைவரை போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அலை அடித்துப்போகும் மணலில் முடிந்தது, நுழைவுக் கட்டணம் வாங்கும் சிமெண்டுத் தரையில் முடியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

ஊருக்கு வந்ததும் என்ன செய்தோம் என்பதை விரிவாகச் சொல்கிறேன். பலரும் அலைச்சலுக்கு அஞ்சி இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். அதற்குப் பூங்காவிலிருந்து மூன்று வாரங்களில் பதில் வந்தது: வருத்தம் தெரிவித்து, அடுத்த வருகைக்கு இரண்டு இலவசச் சீட்டுகள். நாங்கள் அதை ஏற்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எனவே சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, எங்களுக்குத் திருவண்ணாமலை போதும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தால் போதும். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று, மாவட்ட ஆணையத்தில் அன்றி மாநில ஆணையத்தில், எதிர்க்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சீட்டின் பின்புறத்தைக் காட்டியதும் மனம் தளர்ந்து திரும்பிவிடாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, அணுகல் விதிகளைத் தனியார் சேவை நிறுவனங்களுக்கும் பொருந்துவதாக ஆக்கியிருக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். இந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 8 அன்று, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அத்தை தம் கையெழுத்தில், அளவுகளுடன், தனியே ஒரு மனு அனுப்பியிருக்கிறார்.

போகத்தான் வேண்டும் என்றால், தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ளாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். ‘வசதி உண்டா’ என்று கேட்டால் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். அதனால் எண்ணிக்கையும் அளவும் கேளுங்கள். எத்தனை நாற்காலிகள், முன்பதிவு செய்யலாமா, வாடகையும் டெபாசிட்டும் எவ்வளவு, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம், உங்கள் உறவினரின் நிலையில் இருப்பவர் எந்தெந்த ராட்டினங்களில் ஏறலாம் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். ஏறவே முடியாதவருக்குப் பார்வையாளர் கட்டணம் தனியாக உண்டா என்பதையும், அட்டைக்கான சலுகை இணையத்தில் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். இயன்றால் சொந்த நாற்காலியையே கொண்டு செல்லுங்கள். பதில் வராவிட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

எங்கள் வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. நேரில் வருவதாக அத்தை சொல்லியிருக்கிறார். ஆணையத்தின் வாசலில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து வரச் சொல்லி, நேற்று டேப்பை என்னிடம் கொடுத்தார்.