விசார்டா, சோர்சரரா, வார்லாக்கா? கேரக்டர் ஷீட் நிரப்பும் முன் போட வேண்டிய கணக்கு

மேசையில் பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் மந்திரம் போடும் கிளாஸ்கள் (பாத்திர வகைகள்) நிறைய உண்டு. புதிதாக ஆட வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த மூன்றில். எதன் ஸ்பெல் (மந்திரம்) பெரிதாக அடிக்கும் என்று பார்த்து எடுத்தால் மூன்றாவது ஆட்டத்திலேயே அலுப்புத் தட்டிவிடும். முதலில் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் ஒன்று கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை சண்டை, நடுவில் எத்தனை ஷார்ட் ரெஸ்ட் (குறுகிய ஓய்வு)?

ஏன் என்பதற்கு 5ஆம் லெவல் கணக்கு. லெவல் என்பது பாத்திரத்தின் வளர்ச்சி, நிலை என்பது ஸ்பெல்லின் வலிமை, ஸ்லாட் என்பது ஒரு ஸ்பெல் போடச் செலவாகும் வாய்ப்பு. விசார்டுக்கும் சோர்சரருக்கும் ஒன்பது ஸ்லாட்: முதல் நிலையில் நான்கு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு. வார்லாக்குக்கு மொத்தமே இரண்டுதான். ஆனால் இரண்டும் மூன்றாம் நிலை, ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் இரண்டும் திரும்பிவிடும். இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைக்கும் நாளில் ஆறு மூன்றாம் நிலை ஸ்பெல் போடலாம். ஒரே சண்டையோடு நாள் முடிந்து எல்லோரும் தூங்கப் போகும் மேசையில் அந்த இரண்டோடு சரி. அப்படிப்பட்ட குழுவில் வார்லாக் எடுக்காதீர்கள்.

ரெஸ்ட் கிடைக்கும் குழு என்றால், வார்லாக்கைப் போல நிம்மதியான கிளாஸ் இல்லை. எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற கேன்ட்ரிப் (எளிய ஸ்பெல்) 120 அடி பாயும், ஸ்லாட் செலவே கிடையாது. 2ஆம் லெவலில் அதன் அடியைக் கூட்டும் அகனைசிங் பிளாஸ்ட் இன்வொகேஷனைத் (வார்லாக்கின் தனித் திறன்) தவறாமல் எடுங்கள். 5ஆம் லெவலில் எல்ட்ரிச் பிளாஸ்ட்டுக்கு இரண்டு கதிர். கரிஸ்மா (ஆளுமைக்கான எண்) 18 இருந்தால், படும் ஒவ்வொன்றுக்கும் பத்து முகப் பகடையோடு 4 கூடும். இரண்டும் பட்டால் சராசரி சேதம் 19. அதே லெவலில் விசார்டின் ஃபயர் போல்ட் பட்டால் சராசரி 11. எதிரிக்குச் சாபமிடும் ஹெக்ஸ் ஸ்பெல்லைக் காலையிலேயே போட்டுவிட்டு ஷார்ட் ரெஸ்ட் எடுப்பது நல்ல உத்தி. மூன்றாம் நிலை ஸ்லாட்டில் அது 8 மணி நேரம் நிற்கும், செலவான ஸ்லாட்டும் கைக்கு வந்துவிடும். அதற்குள் கான்சென்ட்ரேஷன் (ஸ்பெல் நீடிக்க வைக்கும் கவனம், ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லுக்குத்தான்) கேட்கும் வேறு ஸ்பெல்லைப் போட்டால் ஹெக்ஸ் போய்விடும். புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

விசார்டின் சொத்து அவருடைய புத்தகம். ஆறு ஸ்பெல்லோடு தொடங்கி லெவலுக்கு இரண்டு கூடும், ஆக 5ஆம் லெவலில் 14. இன்டெலிஜென்ஸ் 18 என்றால் அதில் ஒன்பதைத் தினமும் புதிதாகத் தேர்ந்து வைக்கலாம். வழியில் கிடைக்கும் சுருள்களையும் எழுதிக்கொள்ளலாம், ஸ்பெல் நிலை ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரமும் 50 தங்கக் காசும் ஆகும். டிஎம் காசையும் நேரத்தையும் இறுக்கிப் பிடித்தால் இந்தப் பெருமை பாதியாகிவிடும். ரிச்சுவல் ஸ்பெல்களை (சடங்காக நிதானமாகப் போடக்கூடியவை) முன்கூட்டித் தேர்ந்து வைக்கவே வேண்டாம். புத்தகத்தில் இருந்தால் போதும், பத்து நிமிடம் கூடுதலாகும், ஸ்லாட் ஆகாது. டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை இரண்டையும் இதற்காகவே எழுதி வையுங்கள். பலவீனம் உடம்பு. கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்குதிறன்) 14 இருந்தாலும் 1ஆம் லெவலில் 8 ஹிட் பாயின்ட்தான் (உயிர்ப் புள்ளிகள்). தற்காப்பு ஸ்பெல்களான மேஜ் ஆர்மரும் ஷீல்டும் முதல் ஆறில் கட்டாயம் இருக்கட்டும்.

'சோர்சரர் எளிது, புதியவருக்கு நல்லது' என்று பலர் சொல்கிறார்கள். இதை அழுத்தமாகவே மறுக்கிறோம். 1ஆம் லெவலில் தெரிந்த ஸ்பெல் இரண்டு, 5ஆம் லெவலில் ஆறு. தவறாக ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்த லெவல் ஏறும்வரை அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான், அப்போதும் மாற்ற முடிவது ஒன்றை மட்டும். என்ன எடுப்பது என்று ஏற்கெனவே தெரிந்தவர் கையில்தான் இது மின்னும்.

மின்னும் என்று சும்மா சொல்லவில்லை. கான்ஸ்டிட்யூஷன் சேவில் (பாதிப்பைத் தாங்க உருட்டும் பகடை) தேர்ச்சி இந்த மூவரில் இவருக்கு மட்டும்தான். 5ஆம் லெவலில் கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள சோர்சரர், அடிபட்டபின் கான்சென்ட்ரேஷனைக் காக்க மொத்தம் 10 தேவைப்படும்போது பகடையில் 5 விழுந்தாலே தப்பிப்பார். விசார்டுக்கு 8 விழ வேண்டும். இருபது முகப் பகடையில் சோர்சரருக்கு 16 முகங்கள் சாதகம், விசார்டுக்கு 13. இதோடு ட்வின்ட் மெட்டாமேஜிக் (ஒரு ஸ்பெல்லை இரண்டு பேருக்குப் போட வைக்கும் சோர்சரர் திறன்) சேர்ந்தால் மூன்று சோர்சரி பாயின்ட்டில் (அந்தத் திறனுக்குச் செலவாகும் புள்ளி) வேகம் கூட்டும் ஹேஸ்ட்டை இரண்டு வீரர்களுக்கு ஒன்றாகப் போடலாம். ஆனால் கான்சென்ட்ரேஷன் உடைந்தால் இரண்டு பேரும் ஒரு சுற்று முழுக்க அசைய முடியாமல் நிற்பார்கள். ஆகவே போட்டதும் பின்வரிசைக்கு ஓடிவிடுங்கள். 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இந்த ஜோடி வேலை செய்யாது, ட்வின்ட் விதியையே மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு 5ஆம் லெவலில் ஸ்பெல் எண்ணிக்கை ஆறிலிருந்து ஒன்பதாகியிருக்கிறது. அந்தப் பதிப்பில் ஆடுகிறவர்களுக்கு மேலே சொன்ன எச்சரிக்கை அவ்வளவு பொருந்தாது.

மூன்றும் மனதுக்கு ஒட்டவில்லையா? கடவுளின் அருளால் மந்திரம் போடும் கிளெரிக்கைப் பாருங்கள். ஸ்கேல் மெயில் கவசம், கேடயம், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14 சேர்ந்தால் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 18. முழுப் பட்டியலிலிருந்தும் தினமும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், இன்று பிசகிய தேர்வை ஒரு லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.