துபாயில் குளிர்கால வெயில்: கடலோரமா, மணல்வெளியா?

டிசம்பர், ஜனவரியில் துபாய் என்று முடிவானதும் எல்லோரும் ஹோட்டல் பெயர்களைத்தான் தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: கண் விழித்ததும் ஜன்னலில் கடல் தெரிய வேண்டுமா, பாலைவன மணல் தெரிய வேண்டுமா? இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார் பயணம்தான். ஆனால் கிடைக்கும் விடுமுறை முற்றிலும் வேறு.

புர்ஜ் கலீஃபா பக்கம் நகர நடுவே தங்குவது மூன்றாவது வழி. 828 மீட்டர் கோபுரம் அறையிலிருந்தே தெரியும், மாலுக்கு நடந்தே போகலாம். வெயில் காயப் போகிறவர்களுக்கு அது எதற்கு? விட்டுவிடலாம்.

ஜனவரியில் பகல் வெப்பம் 24 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 14, 15 வரை இறங்கும். டிசம்பரில் 5.30 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆக, வெயிலுக்குப் பணம் கொடுக்கிறோம் என்றால் பகலின் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. கடலோர ஹோட்டல் எடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். துபாய் மரீனா பகுதியை ஒட்டிய ஜேபிஆர் (ஜுமைரா பீச் ரெசிடென்ஸ்) கடற்கரை வடமேற்கைப் பார்த்தது. குளிர்காலச் சூரியனோ தென்கிழக்கில் எழுந்து தாழ்வாகவே நகரும். கடற்கரைக்குப் பின்னால் வரிசையாக உயரக் கட்டடங்கள். காலை உணவை முடித்துத் துண்டோடு இறங்கினால் மணலில் பெரும்பகுதி நிழலில் கிடக்கும். மதியத்துக்கு மேல்தான் அந்தக் கடற்கரைக்கு உயிர் வரும்.

கடலில் இறங்கிக் குளிக்க, பனை மர வடிவில் உருவாக்கிய செயற்கைத் தீவான பாம் ஜுமைரா மேல். சுற்றிலும் 11 கிலோமீட்டர் அலைத்தடுப்பு வளைந்து நிற்பதால் உட்பக்கத் தண்ணீர் குளம் மாதிரி அடங்கியிருக்கும். குளிர்காலத்தில் ஷமால் எனும் வடமேற்குக் காற்று கிளம்பினால் திறந்த கடற்கரைகளில் சிவப்புக் கொடி ஏறிவிடும். அப்போது குழந்தைகளோடு போனவர்கள் பாமில்தான் நிம்மதியாக இருப்பார்கள். 2008-ல் திறந்த அட்லாண்டிஸ் ஹோட்டலும் 2023-ல் வந்த அட்லாண்டிஸ் தி ராயலும் அங்கேதான். ஆடம்பரம் உண்டு, அமைதி குறைவு. வெளியே எங்கே போனாலும் டாக்ஸியும் நெரிசலும் சேர்ந்தே வரும்.

சரி, மணல் பக்கம். துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி 225 சதுர கிலோமீட்டர், துபாயின் பரப்பில் சுமார் 5 சதவீதம். அதற்குள் இருப்பது அல் மஹா ரிசார்ட். ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளம் உண்டு. அறைக்கு எதிரே ஓரிக்ஸ் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். அரேபிய ஓரிக்ஸ் 1972 வாக்கில் காட்டில் அடியோடு அழிந்துபோன விலங்கு, வளர்ப்பு மந்தைகளிலிருந்துதான் மீண்டும் வெளியே விட்டார்கள். காபிக் கோப்பையோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பதற்கே அங்கே போகலாம் என்பேன். ஆனால் 10 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. குடும்பமாக என்றால் பாப் அல் ஷம்ஸ் என்ற பாலைவன ரிசார்ட், 2023-ல் புதுப்பித்துத் திறந்தது.

மணல்வெளியில் மாலைக் குளிர் நகரத்தைவிடச் சுருக்கென்று இருக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். முன்பதிவின்போதே குளத்து நீரைச் சூடாக்குவார்களா என்று கேட்டுவிடுங்கள். சூடாக்காத தனிக் குளம் ஜனவரியில் வெறும் அலங்காரம்தான்.

இப்போது பணம். அறை வாடகை 2,000 திர்ஹம் என்று காட்டினால் அதோடு முடிவதில்லை. 10 சதவீத சேவைக் கட்டணம், 7 சதவீத நகராட்சிக் கட்டணம், 5 சதவீத வாட் வரி, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இரவுக்கு 20 திர்ஹம் சுற்றுலாக் கட்டணம். எல்லாம் சேர்த்தால் 2,450-ஐத் தாண்டும். கடலோரத்தில் அந்தத் தொகைக்குப் பெரும்பாலும் காலை உணவு மட்டும்தான். மதியமும் இரவும் சாப்பிடுவது, டாக்ஸி எல்லாம் தனி. அல் மஹா வாடகை பார்த்தவுடன் மலைக்க வைக்கும். ஆனால் மூன்று வேளைச் சாப்பாடும், ஒட்டகச் சவாரி, பருந்து பழக்கும் காட்சி போன்றவற்றில் தினம் இரண்டும் அதற்குள் அடக்கம். முழுக் கணக்குப் போட்டால் இடைவெளி சுருங்கும், மறையாது. கடலோரம்தான் மலிவு.

என்னைக் கேட்டால் ஆறு இரவில் நான்கு பாமில், கடைசி இரண்டு மணல்வெளியில். முதல் நாளே மணலுக்குப் போனால், விமானம் இரவில் இறங்கும்போது எல்லாம் அடங்கிய அந்த வாடகையில் பாதி தூக்கத்திலேயே போய்விடும். அந்த இரண்டு இரவும் வார நாட்களாக இருக்கட்டும். 2022-லிருந்து அங்கே சனி, ஞாயிறுதான் வார விடுமுறை, அன்றைக்கு உள்ளூர்க்காரர்களே ரிசார்ட்டுகளை நிறைத்துவிடுவார்கள்.

தேதி விஷயத்தில் புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள். வாடகை உச்சத்தில் இருக்கும், குறைந்தபட்சம் இத்தனை இரவு, விருந்துக் கட்டணம் கட்டாயம் என்றெல்லாம் பல ஹோட்டல்கள் நிபந்தனை போடும். ஜனவரி நடுப்பகுதி நல்லது. பிப்ரவரி யோசிப்பவர்கள் ரமலானைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2027-ல் அது பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கும், வருடா வருடம் 10, 11 நாள் முன்னால் நகரும். உணவகங்கள் பகலிலும் இயங்கும், ஆனால் ஊரின் வேகமே மாறிவிடும். அமைதி தேடுகிறவர்களுக்கு அது லாபம்தான், வாடகையும் அப்போது இறங்கியிருக்கும்.