மும்பையில் மரக்கப்பல் கிட் வாங்குகிறீர்களா? வரைபடத்தை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

14,800 ரூபாயும் ஏழு மாதத்து மாலை வேளைகளும் போய்விட்டன. பணம் போனதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்வேன். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டு, மூச்சை அடக்கி ஒவ்வொரு பட்டையாக வளைத்து ஒட்டிய அந்த மாலைகளுக்கு யார் பதில் சொல்வது? நான் சொல்வது மேசைமேல் வைக்கும் மாதிரி மரக்கப்பல். கிட் என்பது அதை நாமே கட்டுவதற்கான பாகங்களும் வரைபடமும் அடங்கிய பெட்டி. மும்பையில் இப்படி மரக்கப்பல் கட்டும் தமிழர்கள் அதிகம் இல்லை. கடைகளை ஒருவருக்கொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். அந்த நம்பிக்கையில் இன்னொருவர் அதே மாடிப்படி ஏறிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் தூத்துக்குடியில் தோணி கட்டும் தச்சர்களிடம் தொழில் கற்றவர். 1960களில் மும்பைக்கு வந்து மஸ்காவ் பக்கத்துப் பட்டறைகளில் கப்பல்களுக்கு மரவேலை செய்தார். ஏரா, வங்கு, அணியம், பருமல், சுக்கான் ஆகிய சொற்கள் எங்கள் வீட்டில் உப்பு, புளி போலப் புழங்கின. ஏரா என்பது கப்பலின் அடிமரம், அதன் முதுகெலும்பு. வங்குகள் அதன் விலா எலும்புகள். அணியம் கப்பலின் முன்பகுதி. பருமல் என்பது பாய்மரத்தில் பாயைக் கட்டும் குறுக்குக் கோல். இந்த ஊரில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் 1817இல் கடலில் இறக்கப்பட்டது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா தானே அதற்கு இழைப்புளி பிடித்ததுபோலப் பெருமைப்படுவார்.

என் மகள் விலங்கியல் படிக்கிறாள். டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பலை அவளுக்குக் கட்டித் தரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, தெரிந்த ஒருவர் சொன்னதன்பேரில் ஃபோர்ட் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போனேன். பெயர்ப்பலகை இல்லை. உள்ளே சுவர் முழுவதும் கிட் பெட்டிகள். விற்பவர் தமிழர். என் பேச்சைக் கேட்டதும், “அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கமா?” என்றார். அந்த ஒரு சொல்லிலேயே நான் பாதி இளகிவிட்டேன். தேநீர் வந்தது. ஊர்க் கதை பேசினோம். ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் பெயரும் படமும் அச்சிட்ட பெட்டியை எடுத்து வைத்தார். கனமான அட்டை, பளபளப்பான அச்சு, மேலே இறுகச் சுற்றிய பிளாஸ்டிக் உறை.

“பிரித்துப் பார்க்கலாமா, தம்பி?” என்று கேட்டேன்.

“உறையைப் பிரித்தால் விற்கமுடியாது, அண்ணாச்சி. கம்பெனி சீல் அல்லவா? நம்மவர்களுக்குள் சந்தேகம் எதற்கு?” என்றார்.

ஒரு தொலைபேசி எண்ணுக்கு யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பினேன். திரையில் அவர் சொன்ன பெயர் வரவில்லை, வேறு ஒரு பெயர் வந்தது. மைத்துனருடையது என்றார். பில் பிறகு வாட்ஸ்அப்பில் வரும் என்றார். அது இன்றுவரை வரவில்லை.

இந்தப் பொருளில் மோசடி ஏன் எளிதாக நடக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். மின்விசிறி வாங்கினால் அன்றைக்கே சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். கப்பல் கிட் அப்படியல்ல. முதலில் ஏரா, அதில் வங்குகள், அதன்மேல் மெல்லிய மரத்துண்டுப் பட்டைகளால் ஒரு அடுக்கு, அதற்குமேல் அரை மில்லிமீட்டர் தடிமனில் வால்நட் மர அடுக்கு, பிறகு தளம், பீரங்கிகள், பாய்மரங்கள், கடைசியாகக் கயிறுகள் என்று படிப்படியாகத்தான் போகமுடியும். கடைசிப் படிக்கு வர ஒரு வருடம்கூட ஆகும். பெட்டிக்குள் இருக்கும் குறை அதுவரை வாய் திறக்காது. திறக்கும்போது பெட்டி கிழிந்திருக்கும், பாகங்கள் ஒட்டப்பட்டிருக்கும், நாளும் கடந்திருக்கும்.

முதல் அறிகுறி நவம்பரிலேயே தெரிந்தது. ஏராவைச் சமையலறைக் கிரானைட் மேடையில் படுக்கவைத்தேன். இரண்டு முனையும் மேடையைத் தொட்டன, நடுவில் மூன்று மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. பெட்டியில் பிளைவுட் என்று அச்சிட்டிருந்தது. வெட்டு விளிம்பைப் பார்த்தால் அடுக்குகளே இல்லை, வெறும் எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. பிளைவுட் வளைந்தால் ஈரம் காட்டிப் பாரம் வைத்து நிமிர்த்தலாம். எம்.டி.எஃப். ஈரம் பட்டால் ஊதும். நான் செய்த பெரிய தவறு அப்போதுதான் நடந்தது. படம் எடுத்து அன்றைக்கே கடைக்குப் போயிருக்கவேண்டும். “மும்பைக் கடற்காற்று, என்ன செய்வது” என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரு பக்கமும் தேக்குக் குச்சி ஒட்டி நிமிர்த்திவிட்டேன். வேலை தெரிந்தவனுக்கு இது ஒரு பெரிய பலவீனம். பழுதைக் கண்டால் கை தானாகச் சரிசெய்யப் போய்விடுகிறது.

இரண்டாவது அறிகுறி பிப்ரவரியில். வால்நட் பட்டைகளை வளைப்பதற்காக வெந்நீரில் ஊறப்போட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் கடுங்காப்பியாக நிற்கிறது. உண்மையான வால்நட்டும் கொஞ்சம் நிறம் விடும், அதனால் உடனே முடிவு கட்டவில்லை. ஒரு பட்டையைத் துடைத்துப் பிளேடால் விளிம்பைச் சீவினேன். உள்ளே தேங்காய்ப் பத்தை போல வெள்ளை. ஏதோ மலிவான மரத்தைச் சாயத்தில் முக்கி வால்நட் என்று கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் விரல் நுனிகளில் அந்தப் பழுப்பு மூன்று நாள் போகவில்லை. பீரங்கிகளும் அப்படித்தான். பித்தளை என்று போட்டிருந்தது. அரத்தால் ஒரு தடவை இழுத்ததும் சாம்பல் நிறம் பல்லிளித்தது.

அப்போதும் விடவில்லை. மகளிடம் சொல்லியாகிவிட்டது, எப்படியும் முடிப்போம் என்று பாய்மரங்களுக்கு வந்தேன். இங்கேதான் அடிமடியில் கை வைத்தார்கள்.

இந்த கிட்களில் பாய்மரம், பருமல் ஆகியவற்றின் நீளத்தை வரைபடத்திலிருந்து நேரடியாக எடுக்கவேண்டும். வரைபடம் கட்டும் மாதிரியின் அதே அளவில் இருக்கும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கோலை அதன்மேல் வைத்து, குறித்து, வெட்டி, நுனி நோக்கி மெலியும்படி இழைப்போம். மே மாதம் முழுவதும் அதைச் செய்தேன். பிறகு கயிறுகள் கட்டும் இடங்களைக் குறிக்க, கப்பலின் உடலை வரைபடத்தின்மேல் கிடத்தினேன். அணியம் பொருந்தியது. நடுவில் கொஞ்சம் விலகியது. பின்புறம் வரும்போது கப்பல் கோட்டைத் தாண்டி 12 மில்லிமீட்டர் வெளியே நின்றது. நான்தான் எங்கோ பிசகிவிட்டேன் என்று நினைத்து, ஒரு மணி நேரம் என் வேலையையே சோதித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் வரைபடத்தின் கீழ் மூலையில் இருந்த அளவுக்கோடு கண்ணில் பட்டது. 100 மில்லிமீட்டர் என்று எழுதிய கோடு. ஸ்டீல் அளவுகோலை அதன்மேல் வைத்தேன். 97.

புரிந்துவிட்டது. அசல் வரைபடத்தை யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள். தாளுக்குள் அடங்கவேண்டும் என்று இயந்திரம் 3 சதவீதம் சுருக்கியிருக்கிறது. லேசரில் வெட்டிய ஏராவும் வங்குகளும் அசல் அளவு, காகிதம் மட்டும் சிறியது. ஆகவே நான் வெட்டிய ஒவ்வொரு பாய்மரமும் ஒவ்வொரு பருமலும் குட்டை. 32 சென்டிமீட்டர் இருக்கவேண்டிய நடுப்பாய்மரம் 31தான் இருந்தது. வெட்டிய கோலை நீட்டமுடியாது. போதாததற்கு, பின்பாய்மரத்துக்கான கோல் பெட்டியில் இல்லவே இல்லை.

எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை தேநீர் வரவில்லை, ‘அண்ணாச்சி’ ‘சார்’ ஆகிவிட்டது. வளைவுக்குக் கடற்காற்றுதான் காரணம் என்றார். சாயத்துக்கு, “இயற்கை நிறம் சார்” என்றார். மூன்றாவது பாய்மரம் எங்கே என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை மறக்கமாட்டேன்: “பீகிளுக்கு இரண்டு பாய்மரம்தானே சார், நீங்கள் வரலாறு படிக்கவில்லையா?”

படித்திருக்கிறேன். 1820இல் வுல்விச்சில் கடலில் இறக்கியபோது அது இரண்டு பாய்மரக் கப்பல்தான். 1825இல், கடலோர அளவைப் பயணங்களுக்கு அனுப்புமுன், பின்பாய்மரம் சேர்த்தார்கள். டார்வின் 1831 டிசம்பரிலிருந்து 1836 அக்டோபர் வரை பயணம் செய்தது மூன்று பாய்மரக் கப்பலில். அவர் விற்ற பெட்டியின் படத்திலேயே மூன்று இருக்கிறது. அதைக் காட்டினேன். உடனே, “பில் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்று அவருக்குத் தெரியும். “பிரித்த சரக்கை எடுக்கமாட்டோம். நான் ஏஜென்ட்தான், கம்பெனியைக் கேளுங்கள்” என்றார். வீடு திரும்புவதற்குள் வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்.

அந்த ஐரோப்பிய நிறுவனத்துக்குப் பெட்டியின் படங்களை அனுப்பினேன். இது தாங்கள் தயாரித்தது அல்ல, நகல் என்று பதில் வந்தது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, ஆனால் நாள் கணக்கு முக்கியம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. திருப்பித் தருவதற்கான கெடு, பில்லில் குறித்த கால அளவு. குறிக்காவிட்டால் 30 நாள். நவம்பரில் ஏரா வளைந்திருந்ததைப் பார்த்த அன்றே நான் போயிருந்தால் அந்த 30 நாளுக்குள் இருந்திருப்பேன். இருந்தாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நாம் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே தரலாம், இணையத்திலும் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன், புகாரைத் தெளிவாகப் பதிந்துகொண்டார்கள். யு.பி.ஐ. பரிவர்த்தனை விவரம், வாட்ஸ்அப் உரையாடல், அளவுகோல் வைத்து எடுத்த படங்கள் இவைதான் இப்போது என் சாட்சிகள்.

நீங்கள் வாங்கப் போனால் ஒரு ஸ்டீல் அளவுகோலைக் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியைப் பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை ஆகியவை பெட்டியில் ஒட்டியிருக்கவேண்டும். என் பெட்டியில் ஒன்றுமே இல்லை, அதை நான் கவனிக்கவும் இல்லை. திறந்ததும் வரைபடத்தின் அளவுக்கோட்டை அளந்து பாருங்கள். ஏராவை வரைபடத்தின்மேல் வைத்து இரு முனையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை இது, எனக்கு ஏழு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும். ஏராவைச் சமமான மேசையில் கிடத்துங்கள். ஒரு பட்டையின் ஓரத்தைச் சீவிப் பார்க்கக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். பாகங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு கோல்களை எண்ணுங்கள். பில் கைக்கு வந்த பிறகு, கடையின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கோணல் ஏதாவது தெரிந்தால் ஒட்டாதீர்கள், நிமிர்த்தாதீர்கள், இழைக்காதீர்கள். படம் எடுங்கள், அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்.

கப்பலை நான் தூக்கி எறியவில்லை. சாயப் பட்டைகளை வெந்நீர்த் துணி போட்டு ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளடுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மேலே தேக்கு வெனீரை, அதாவது மெல்லிய தேக்குத் தகட்டை, ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் கீறி ஒட்டப்போகிறேன். பாய்மரங்களுக்குப் புதிய கோல்கள் வாங்கிவிட்டேன், வரைபடத்து அளவை 0.97ஆல் வகுத்து மகள் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறாள். ஆணையத்திலிருந்து விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. இதே மாடியில் வாங்கிய கிட் உங்கள் வீட்டில் பிரிக்காமல் இருந்தால் இன்றிரவே பிரித்து, வரைபடத்தின் கீழ் மூலையைப் பாருங்கள். கோடு 97 காட்டினால் எனக்கு எழுதுங்கள், புகாரில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ள வழியிருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.