ஷூ கேட்டேன், கூலிங் கிளாஸ் வந்தது

காலேஜ் சேர்ந்ததும் நைக்கி டங்க் வேண்டும் என்றான் மகன். கறுப்பு வெள்ளை ஜோடி, கடையில் எட்டாயிரத்துக்கு மேல். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு இன்ஸ்டாகிராமில் அதே ஷூ, 1,799 ரூபாய்க்கு. குடோனைக் காலி செய்கிறார்களாம். இன்னும் 3 ஜோடிதான் பாக்கி என்று கீழே ஒரு கடிகாரம் வேறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

தள முகவரியில் நைக்கி பெயரும் அதன் வாலில் 'அவுட்லெட்' என்ற சொல்லும். முன்னால் பூட்டுப் படம். பூட்டு இருந்தால் நல்ல கடை என்று நம்பிக்கொண்டிருந்த ஆள்தான் நானும். நாம் தட்டுவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பூட்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யார் என்று அதற்குத் தெரியாது. அவனும் அதை இலவசமாகவே வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

முன்கூட்டியே பணம் கட்டினால் 100 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். கேஷ் ஆன் டெலிவரி பட்டனோ அழுத்தினாலும் வேலை செய்யவில்லை. சரி என்று கியூஆரை ஸ்கேன் செய்தேன். பணம் யாருக்குப் போகிறது என்று காட்டும் இடத்தில் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். என் மேல் எனக்கே கோபம் வருவது இங்கேதான். அதைப் பார்த்தேன், படித்தேன், 'கணக்குப் பிள்ளையாக இருக்கும்' என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பின் நம்பரைப் போட்டேன். நூறு ரூபாய் மிச்சமென்ற சந்தோஷம் வேறு.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. கையில் வாங்கும்போதே கனமில்லை. உள்ளே பிளாட்பாரத்தில் விற்கிற கூலிங் கிளாஸ், அதிலும் ஒரு பக்கக் கால் லொடலொட. ஒன்றுமே அனுப்பாமல் ஏமாற்றியிருக்கலாமே, இதை ஏன் அனுப்பினான்? பொருள் வரவில்லை என்று நாம் புகார் சொன்னால், டெலிவரி ஆகிவிட்டதென்று கூரியர் பதிவைக் காட்டத்தான்.

அப்புறம்தான் அந்தத் தளத்தை நிதானமாகப் படித்தேன். ரிட்டர்ன் பக்கத்தில், 'பிளவுஸ் துணியை வெட்டியிருந்தால் சேலையைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று இருந்தது. ஷூ கடையில்! ஏதோ புடவைக் கடையிலிருந்து அப்படியே சுட்டிருக்கிறார்கள். ஒரு தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்று காட்டும் ஹூஈஸ் தேடலில் போட்டுப் பார்த்தால், அந்த முகவரி பதிவாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2020ல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி நிறுவனத்தின் பெயர், முகவரி, குறைதீர் அதிகாரியின் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். இங்கே ஒரு ஜிமெயில் மட்டும்தான்.

கூத்து அதோடு முடியவில்லை. கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிப் பேசினால், தேன் ஒழுக ஒருவன், 'ரீஃபண்டுக்கு கியூஆர் அனுப்புறேன் சார், ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க' என்றான். போடப் போனவனிடமிருந்து மனைவி போனைப் பிடுங்கிவிட்டாள். 'காசு வாங்கறதுக்கு எதுக்குங்க பின் நம்பர்?'

வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் என்று கையை விரித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டாக இருந்திருந்தால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது, அதையாவது முயன்று பார்த்திருக்கலாம். சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் அழைத்தால்தான் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. நான் அழைத்தது ஒன்பது நாள் கழித்து.

இப்போது அந்தத் தளம் திறப்பதில்லை. ஆனால் நேற்று ராத்திரி அதே ஷூ படம், அதே கடிகாரம், வேறு பெயரில் ஓர் 'அவுட்லெட்' என் போனில் வந்தது. விலை 1,599.