அயர்லாந்துக்கு என்னை அனுப்பிய வேலூர் ஏஜென்சி

வேலூரில் உள்ள ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்பு ஏஜென்சி மூலம் 2022 அக்டோபரில் அயர்லாந்துக்குச் சென்று, அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரண்டேகால் ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குடியாத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறேன். ஏஜென்சியின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் நம் பக்கத்தில் நர்சிங் படித்துவிட்டு வெளிநாடு போக நினைக்கும் பெண்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சேவை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காகித வேலையில் அவர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். ஒர்க் பர்மிட்டும் விசாவும் உண்மையானவை. டப்ளின் விமான நிலையத்துக்கே ஆள் வந்து என்னை அழைத்துச் சென்றார். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ஆண்டுக்கு 27,000 யூரோ சம்பளம் மாதந்தோறும் தவறாமல் கணக்கில் ஏறியது. போலி விசாவை நம்பி நகைகளை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருப்பதால், இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

என்னைக் கெடுத்தது அவர்கள் சொன்ன ஆலோசனை. நான் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ படித்து, வேலூரில் ஆறு ஆண்டுகள் ஸ்டாஃப் நர்சாக இருந்தவள். ஓஇடி ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதியில் இரண்டு முறை மதிப்பெண் குறைந்துவிட்டது. “சிஸ்டர், முதல்ல உதவியாளரா போங்க, ஒரு வருஷத்துல அங்கேயே நர்ஸா மாறிடலாம், ஆறு மாசத்துல வீட்டுக்காரரையும் பாப்பாவையும் கூட்டிக்கலாம்” என்றார் ஏஜென்சியின் மேலாளர். இந்த வார்த்தைகளை நம்பித்தான் தாலிச் சரடைத் தவிர எல்லா நகைகளையும் அடகு வைத்தோம்.

அவர் சொன்ன இரண்டுமே தவறு. பராமரிப்பு உதவியாளராகச் செய்யும் வேலை அங்கே செவிலியர் அனுபவமாகக் கணக்கில் சேராது. அயர்லாந்தின் செவிலியர் வாரியத்தில் பதிவு பெற, வேலூரிலிருந்து நேராக விண்ணப்பிக்கும் ஒருவர் கடக்க வேண்டிய அதே ஆங்கிலத் தேர்வையும், சான்றிதழ் பரிசீலனையையும், அதன்பின் வரும் திறன் தேர்வையோ பயிற்சிக் காலத்தையோ நானும் கடக்க வேண்டும். குடும்பத்தைப் பொறுத்தவரை, என்னைப் போல் பொது வேலை அனுமதி என்ற வகை ஒர்க் பர்மிட்டில் செல்பவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதோடு, குடும்பத்தின் அளவுக்கேற்ற வருமானத்தையும் காட்ட வேண்டும். என் சம்பளம் அந்த வரம்பைத் தொடவில்லை. 2024 ஜனவரியில் பராமரிப்பு உதவியாளர்களின் ஒர்க் பர்மிட்டுக்கான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 30,000 யூரோவாக உயர்ந்த பிறகும் தொடவில்லை. மகள் யு.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்புக்குப் போனதை நான் வீடியோ அழைப்பில்தான் பார்த்தேன்.

சம்பளத்தை ரூபாயாக மாற்றி ‘ஆண்டுக்கு 21 லட்சம்’ என்று சொன்னவர்கள், வரியையும் வாடகையையும் பற்றி வாய் திறக்கவில்லை. தங்குமிடம் தருவதாகச் சொன்னது முதல் மாதத்துக்கு மட்டுமே. வாடகை வீடு கிடைப்பதே அரிதான அந்த நாட்டில், மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, ஆளுக்கு மாதம் 450 யூரோ கொடுத்தோம். காலை எட்டு மணிக்கு டியூட்டி தொடங்கி இரவு எட்டுக்கு முடியும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுவதால், வேலை நாட்களில் வெளிச்சத்தையே பார்க்க முடியாது.

முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் மரியாதையான வேலை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஊசியும் சலைன் ஏற்றுவதும் ஆறு ஆண்டுகள் பழகிய கைக்கு, ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க அனுமதியில்லை. ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறியபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும், நர்சைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். அந்த இரவில்தான் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தது.

அங்கே 85 வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். 1950களில் அயர்லாந்திலிருந்து ஏறத்தாழ 4 லட்சம் பேர் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். அவர்களில் அவரும் ஒருவர். பத்தொன்பது வயதில் கப்பலேறி, லண்டனில் பள்ளம் தோண்டும் வேலைக்குப் போய், ஒரே அறையில் ஐந்து பேருடன் படுத்துக்கொண்டு, ஊருக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம் ‘நலமாக இருக்கிறேன்’ என்று மட்டும் கடிதம் எழுதியதாகச் சொன்னார். வீட்டில் என்ன சொல்லியிருக்கிறாய் என்று என்னைக் கேட்டார். நானும் அதையேதான் சொல்லியிருந்தேன். ஏஜென்சியின் சுவரில் மாட்டியிருக்கும் சிரித்த முகப் படங்களில் பனியில் எடுத்த என் படமும் உண்டு. அதை எடுத்துவிடும்படி இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

கட்டண விஷயம் இன்னும் மோசம். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. என்னிடம் வாங்கியது 3,50,000. முப்பதாயிரத்துக்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள். மீதியை ஒரு தனிநபர் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொன்னார்கள். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்வோரில் ஒரு பிரிவினருக்கு இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அயர்லாந்து அந்தப் பட்டியலில் இல்லாததால், என் ஒப்பந்தத்தை எந்த அரசு அதிகாரியும் புறப்படும் முன் பார்க்கவில்லை.

எனவே ஏஜென்சியின் பதிவு எண்ணை இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் ஒரு முறை விசாரியுங்கள். நர்சிங் படித்தவர்கள் ஆங்கிலத் தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம் படித்தாலும் பரவாயில்லை, நர்சாகவே போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீது உள்ள தொகையைப் பற்றி மட்டுமே பேசுவோம் என்றார்கள். மீதித் தொகைக்கான வங்கிப் பரிமாற்ற விவரங்களை இணைத்து, சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.