அக்குள் அரிப்புக்கு லேசர் செய்துகொள்ளும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இரண்டு ஆண்டுகளையும் நிறையப் பணத்தையும் தவறான சிகிச்சையில் இழந்துவிட்டேன். அதனால்தான் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன்.

இரண்டு அக்குளிலும் கடுகு கடுகாகக் குருக்கள். தோலின் நிறமேதான், நீர் கோக்கவில்லை, சீழ் வைக்கவில்லை. வேர்க்குரு என்று விட்டுவிட்டேன். வெயில் காலம் போயும் அவை போகவில்லை. வியர்த்தாலும் கோபம் வந்தாலும் அரிப்பு உயிரை எடுக்கும். அந்த இடத்தில் முடியும் குறைந்துகொண்டே வந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் நாற்காலியை விட்டு எழாமலேயே "படர்தாமரை" என்றார். படர்தாமரை என்றால் ஓரம் வட்டமாகச் சிவந்து செதில் உதிரும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை. மார்புக் காம்பைச் சுற்றியும் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இருந்தது, நானாகச் சொல்லக் கூசினேன். கொடுத்த களிம்பில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. பூசினால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். மாதக்கணக்கில் பூசியதில் தோல் மெலிந்து சிவப்புக் கோடுகள் விழுந்தன.

அடுத்து ஓர் அழகு சிகிச்சை மையம். "முடிதான் காரணம், லேசரில் எடுத்தால் நிரந்தரமாகத் தீரும்" என்று ஆறு தவணைக்கு முன்பணம் வாங்கினார்கள். மூன்றாவது தவணைக்குள் குருக்கள் இரட்டிப்பாயின. "இன்னும் நான்கு தவணை சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை.

கடைசியாகப் போன தோல் மருத்துவர்தான் சிறு தோல் துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். ஃபாக்ஸ்-ஃபோர்டைஸ் நோய். 1902இலேயே விவரிக்கப்பட்ட அரிய நோய்; பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவது, தொற்றாதது. மயிர்க்காலின் வாயைக் கெரட்டின் என்ற தோல் புரதம் அடைத்துக்கொள்ள, அதில் திறக்கும் அப்போகிரைன் (அக்குள், மார்புக் காம்பு போன்ற இடங்களில் உள்ள) வியர்வைச் சுரப்பியின் குழாய் உள்ளேயே வெடித்துவிடுகிறதாம். லேசரில் முடி நீக்கிய பிறகு இந்த நோய் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களே எழுதியிருக்கின்றன என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும், கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் திரவமும் கொடுத்தார். "அடியோடு போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், அரிப்பைக் குறைக்கலாம்" என்றார். குறைந்திருக்கிறது, இரவில் தூங்குகிறேன்.

பெயர் தெரியாத குருக்கள் மேல் லேசர் பட விடாதீர்கள். களிம்புக் குழாயில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டின் பெயர் இருந்தால், எத்தனை நாள் பூச வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். எனக்கு யாரும் நாள் கணக்குச் சொல்லவில்லை.